ஹோமியோபதியும் மனச்சோர்வும்: குணமானது நிஜம், குணமாக்கியது எது?

அக்காவுக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்று தெரிந்த வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த யோசனைகளில் பாதி ஒரே மாதிரி இருந்தன. "மனநல டாக்டர்கிட்ட போனா மாத்திரைக்கு அடிமையாயிடுவா. ஹோமியோபதி பாருங்க. மூலிகை மருந்துதானே, பக்கவிளைவே கிடையாது." சொன்னவர்கள் அத்தனை பேரும் அக்கறையில் சொன்னவர்கள்தான். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. சரி என்று நான்தான் அவளை அழைத்துப் போனேன்.

அதன்பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அந்தச் சின்ன யோசனைக்குள் எத்தனை குழப்பங்கள் சுருண்டு கிடந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. ஹோமியோபதியும் மூலிகை மருத்துவமும் வேறு வேறு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப்பொருள்போல அடிமையாக்குவதில்லை. பக்கவிளைவே இல்லாத மருந்து என்றால், விளைவு இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். இதையெல்லாம் முதல்முறை படிப்பவருக்கும் விளங்கும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## மனச்சோர்வு என்று எதைச் சொல்கிறோம்?

தமிழில் 'மன அழுத்தம்' என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். பரீட்சை பயமும் மன அழுத்தம், வேலைச் சுமையும் மன அழுத்தம், டிப்ரஷனும் மன அழுத்தம். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வெகுதூரம் நடந்து களைத்த கால் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் தேறிவிடும். எலும்பு முறிந்த கால் அப்படித் தேறாது. இரண்டிலும் "கால் வலிக்கிறது" என்றுதான் சொல்வோம். வேலைச் சுமையால் வரும் அழுத்தம் முதல் வகை. மனச்சோர்வு இரண்டாவது வகை.

மருத்துவர்கள் மனச்சோர்வு என்று சொல்வதற்கு ஒரு வரையறை உண்டு. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது 2 வாரங்களுக்கு மனம் கனத்துக் கிடக்க வேண்டும். அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுதல், பசி மாறுதல், காரணமில்லாத அசதி, கவனம் நிற்காமை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு போன்றவற்றில் சில சேர்ந்திருக்கும்.

இந்தப் பட்டியலைவிட எனக்கு மனதில் நிற்பது ஒரு காட்சி. துவைத்த துணிக் கூடை கட்டிலின் மேல் இருந்தது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தாள். மடியில் ஒரு துண்டு, பாதி மடித்தபடி. "என்னக்கா?" என்றேன். "அடுத்து என்ன செய்யணும்னு தெரியலை" என்றாள். சோம்பலா, பிடிவாதமா என்று கேட்பவர்களுக்கு அந்த முகத்தைக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

மனச்சோர்வுக்கு இன்னொரு குணம் உண்டு. அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அது ஒரே கோட்டில் போவதில்லை. அலைபோல ஏறி இறங்கும். சில வாரங்கள் அடியாழத்தில் கிடக்கும், அப்புறம் தானாகவே கொஞ்சம் மேலே வரும்.

இதுவரை பார்த்தது: மனச்சோர்வு சாதாரண அழுத்தம் அல்ல, ஒரு நோய். அதற்குக் கால அளவும் அடையாளங்களும் உண்டு. அது ஏறி இறங்கும் இயல்புடையது.

## ஹோமியோபதி எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியில் 1755-இல் பிறந்த சாமுவேல் ஹானிமன் என்ற மருத்துவர்தான் இதை உருவாக்கினார். அவர் காலத்து மருத்துவம் பயங்கரமானது. எந்த நோய்க்கும் ரத்தக் குழாயைக் கீறி ரத்தத்தை வடியவிடுவார்கள், பாதரசம் கொடுப்பார்கள், வாந்தி பேதிக்குக் கொடுத்து உடம்பைச் சக்கையாக்குவார்கள். இதைச் செய்ய மனம் ஒப்பாமல் ஹானிமன் வைத்தியத்தையே விட்டுவிட்டு, மருத்துவ நூல்களை மொழிபெயர்த்துப் பிழைத்தார். அந்த மனசாட்சிக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

1790-இல், வில்லியம் கல்லன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் நூலை மொழிபெயர்க்கும்போது, சின்கோனா மரப்பட்டை மலேரியாக் காய்ச்சலை ஏன் குணமாக்குகிறது என்று கல்லன் எழுதியிருந்த விளக்கம் அவருக்குச் சரியாகப் படவில்லை. நல்ல உடம்போடு இருந்த தானே அந்தப் பட்டையைச் சாப்பிட்டுப் பார்த்தார். கை கால் சில்லிட்டது, படபடத்தது, காய்ச்சலின் குறிகள் போலத் தோன்றின. அங்கிருந்து ஒரு தாவு தாவினார்: நல்ல உடம்பில் ஒரு நோயின் குறிகளை எது உண்டாக்குகிறதோ, அதுவே அந்த நோயைக் குணமாக்கும். 'ஒத்தது ஒத்ததைக் குணமாக்கும்' என்ற இந்தக் கொள்கையை 1796-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1810-இல் 'ஆர்கனான்' என்ற நூலாக விரித்து எழுதினார்.

சின்கோனாப் பட்டையில் இருக்கும் குவினைன், மலேரியாக் கிருமியைத் தாக்குவதால்தான் அந்தக் காய்ச்சலைத் தணிக்கிறது. அந்தக் கிருமியே 1880-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஹானிமன் அதற்கு வெகுமுன்பே 1843-இல் பாரிஸில் இறந்துவிட்டார். அவர் காலத்து அறிவை வைத்து அவர் போட்ட ஊகம் அது. ஊகம் தப்பாகப் போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊகத்தின்மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நல்ல உடம்புள்ள சிலருக்கு ஒரு பொருளைக் கொடுத்து, அதன்பின் அவர்கள் உடம்பிலும் மனதிலும் உணர்ந்தது எல்லாவற்றையும் எழுதிவைப்பார்கள். இதற்கு 'மருந்து நிரூபணம்' என்று பெயர். பிறகு நோயாளி சொல்லும் குறிகளோடு அந்தப் பட்டியலைப் பொருத்திப் பார்ப்பார்கள். மனச்சோர்வில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் சில உண்டு. துக்கம், பிரிவு என்றால் இக்னேஷியா. இது ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷம் உள்ள ஒரு விதையிலிருந்து வருவது. வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்கு நம்பிக்கை இழந்தவருக்கு ஆரம் மெட்டாலிகம், அதாவது தங்கம். சொந்தக் குடும்பத்தின்மேலேயே பற்று விட்டுப்போனால் செபியா, கணவாய் மீனின் மை. துக்கத்தை உள்ளுக்குள் பூட்டிவைத்து, ஆறுதல் சொன்னால் எரிச்சல்படுபவருக்கு நேட்ரம் மூரியாட்டிகம். பெயர் பெரிதாக இருந்தாலும் அது நாம் தினமும் போடும் உப்புதான்.

அக்காவுக்கு எழுதியது கடைசியில் சொன்னது. 30சி வீரியம்.

## 30சி என்றால் என்ன? மூன்று டம்ளர் தண்ணீர் போதும்

இந்த 'வீரியம்' என்ற சொல்லில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். எண் கூடக்கூட மருந்து கூடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது நேர்எதிர்.

நான் இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மில்லி நீல மை எடுத்து 99 மில்லி தண்ணீரில் விட்டு நன்றாகக் குலுக்கினேன். வெளிர் நீலம். இதுதான் 1சி, நூறில் ஒரு பங்கு. அதிலிருந்து 1 மில்லி எடுத்து அடுத்த 99 மில்லி தண்ணீரில் விட்டேன். டம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால்தான் ஏதோ ஒரு சாயல் தெரிந்தது. இது 2சி, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூன்றாவது டம்ளரில் எவ்வளவு உற்றுப் பார்த்தும் வெறும் தண்ணீர்தான். இது 3சி, பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மூன்றாவது டம்ளரில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மை நிச்சயம் இருக்கிறது. கோடானு கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. (ஒரு பொருளை அதன் தன்மை மாறாமல் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் மிகச் சிறிய துணுக்கே மூலக்கூறு.) அதனால் 'கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே ஒன்றுமில்லை' என்று ஹோமியோபதியை எதிர்ப்பது சரியான வாதம் ஆகாது. பிரச்சினை அடுத்தடுத்த படிகளில் வருகிறது.

உலகத்துக் கடல்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து அதில் ஒரே ஒரு சொட்டு மையை விட்டுக் கலக்கினால், அது ஏறக்குறைய 13சி அளவு நீர்ப்பு. 30சி-க்கு வர இன்னும் 17 படிகள் மீதி இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் நூறு மடங்கு. கடைசியில் 1-க்குப் பின் 60 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு.

பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பிரித்துக்கொண்டே போகலாம் என்று ஹானிமன் காலத்தில் நினைக்க இடமிருந்தது. இன்று மூலக்கூறுகளை எண்ணத் தெரியும். 58 கிராம் உப்பில் இருக்கும் உப்புத் துணுக்குகள் ஏறத்தாழ 6-க்குப் பின் 23 பூஜ்யங்கள். இதை அவகாட்ரோ எண் என்பார்கள். அவ்வளவு உப்பில் தொடங்கினாலும், ஒவ்வொரு படியிலும் நூறில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், 12-வது படியில் ஒரே ஒரு துணுக்கு மிஞ்சுவதே சந்தேகம். அதற்கு மேல் குலுக்குவதெல்லாம் தண்ணீரைத் தண்ணீரில் கலப்பதுதான். 30சி-யில் அசல் பொருளின் ஒரு மூலக்கூறாவது அகப்பட வேண்டுமானால் சுமார் 500 கோடி பூமிகளின் எடைக்குத் தண்ணீர் தேவைப்படும்.

குலுக்கும்போது பொருளின் 'நினைவு' தண்ணீரில் தங்கிவிடுகிறது என்று ஹோமியோபதியில் ஒரு விளக்கம் சொல்வார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அமைப்பு ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கலைந்து வேறாகிவிடும். போதாக்குறைக்கு, அந்தத் திரவத்தைச் சர்க்கரை உருண்டைகளின்மேல் தெளித்து உலர்த்தித்தான் கொடுக்கிறார்கள். உலர்ந்த பிறகு தண்ணீரும் போய்விடுகிறது. அக்காவின் கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியைத் திறந்து ஓர் உருண்டையை நாக்கில் போட்டுப் பார்த்தேன். இனித்தது. சர்க்கரை, அவ்வளவுதான்.

சுருக்கமாக: வீரிய எண் ஏற ஏற மருந்துப் பொருள் குறைகிறது. 12சி தாண்டினால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் 30சி, 200சி எல்லாம் அந்த எல்லைக்கு வெகுதூரம் அப்பால் இருக்கின்றன.

## மூலிகை மருந்து வேறு, இது வேறு

மூலிகை மருந்தில் செடியின் சத்து நிஜமாகவே இருக்கும். சத்து இருந்தால் விளைவு உண்டு, அதோடு பக்கவிளைவும் உண்டு. ஹைப்பரிக்கம் என்ற செடியை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்று விற்பார்கள். இதன் சாறு லேசான, மிதமான மனச்சோர்வில் பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே செடிதான் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுமீறி ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாத பொருள் அது.

இதே செடியின் பெயரில் ஹோமியோபதியிலும் ஒரு மருந்து உண்டு: ஹைப்பரிக்கம் 30சி. பெயர் ஒன்று, குப்பிக்குள் இருப்பது வேறு. முதலாவதில் செடி இருக்கிறது. இரண்டாவதில் பெயர் மட்டும் இருக்கிறது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வாங்குபவர் குழம்பாமல் என்ன செய்வார்?

## அப்படியானால் அக்கா ஏன் தேறினாள்?

இதுதான் முக்கியமான கேள்வி. உண்மையில் அவள் தேறினாள். ஐந்தாவது வாரம் தானாகவே எழுந்து குளித்தாள், ஒரு நாள் சிரித்துக்கூடப் பேசினாள். நாங்கள் எல்லோரும் குப்பியைக் கும்பிடாத குறை. 'உள்ளே ஒன்றுமில்லை' என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறானே என்று தோன்றியிருக்கும்.

பார்த்தது பொய் இல்லை. ஆனால் ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தது என்பதும், அதனால்தான் இது நடந்தது என்பதும் வேறு வேறு. சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது, கூவியதால் விடிவதில்லை. இந்த வித்தியாசம் மனச்சோர்வில் மற்ற நோய்களைவிட அதிகம் ஏமாற்றும். அதற்குச் சில காரணங்கள்.

முதலாவது, அந்த அலை. சிகிச்சை பெறாமல் காத்திருந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு கணக்கு வெளியானது. சிகிச்சையே எடுக்காதவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு 3 மாதத்திலும், 53 சதவீதம் பேருக்கு ஓர் ஆண்டுக்குள்ளும் மனச்சோர்வு தானாகத் தணிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அவர்கள் எதை விழுங்கியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போயிருக்கும்.

இரண்டாவது, நாம் எப்போது வைத்தியரைத் தேடுகிறோம் என்பது. கொஞ்சம் சுமாராக இருக்கும் நாளில் யாரும் கிளம்புவதில்லை. தாங்கவே முடியாத நாளில்தான் கிளம்புகிறோம். அலையின் அடிமட்டத்தில் இருப்பவர் அடுத்துப் போகக்கூடிய திசை பெரும்பாலும் மேலேதான். இதைப் புள்ளியியலில் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள்.

மூன்றாவதுதான் என் மனதை அதிகம் தொட்டது. அந்த முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் நடந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே ஹோமியோபதி வைத்தியர் கேட்டார்: "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாத் தூக்கம் வருது? வெயில்ல போனாத் தலை வலிக்குமா? அழுகை வந்தா யார் முன்னாடியாவது அழுவீங்களா, தனியாப் போயிடுவீங்களா? ஆறுதல் சொன்னா இதமா இருக்குமா, கோபம் வருமா?" அக்கா முதலில் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசிக் கேள்விக்கு நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. அம்மா இறந்ததைப் பற்றி, எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாததையெல்லாம் அங்கே சொன்னாள். எத்தனையோ மாதங்களில் முதல்முறையாக ஒருவர் அவளை அவசரமில்லாமல் கேட்டார். அது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

உருண்டையா, உரையாடலா என்று பிரித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 2011-இல் இங்கிலாந்தில் வெளியானது. மூட்டு வீக்க நோய் உள்ள 83 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு ஹோமியோபதி முறையிலான நீண்ட உரையாடல் உண்டு, சிலருக்குக் கிடையாது. உருண்டைகளும் சிலருக்கு நிஜம், சிலருக்கு வெறும் சர்க்கரை. உரையாடல் கிடைத்தவர்களுக்கு நிலைமை மேம்பட்டது. நிஜ உருண்டைக்கும் வெறும் உருண்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது மனச்சோர்வைப் பற்றிய ஆய்வல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உடம்பு நோயிலேயே அக்கறையான பேச்சுக்கு இவ்வளவு பலன் என்றால் மன நோயில் அது எவ்வளவு கூடும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஹானிமன் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1792-இல் ஜியார்கென்தால் என்ற ஊரில், மனநிலை குலைந்த கிளாக்கன்பிரிங் என்ற அரசு அதிகாரியைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி அடித்த காலம் அது. ஹானிமன் அடிக்கவில்லை, கட்டவில்லை. கூடவே இருந்து பொறுமையாகக் கவனித்தார். அந்த மனிதர் தேறி வீடு திரும்பினார். 'ஒத்தது ஒத்ததை' என்ற கொள்கையை ஹானிமன் வெளியிட்டது இதற்கு நாலு வருடம் கழித்து.

நான்காவது, நம்பிக்கை. மருந்துப்போலி என்பது மருந்துபோலவே தோற்றமளிக்கும், மருந்தில்லாத பொருள். அதை எடுத்துக்கொண்டவர்களும் 'எனக்குச் சிகிச்சை நடக்கிறது' என்ற எதிர்பார்ப்பால் ஓரளவு தேறுவார்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் மருந்துப்போலி எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு தேறுவது சாதாரணம்.

ஆக: தானாகத் தணிதல், அடிமட்டத்தில் போய் நிற்றல், பரிவான பேச்சு, எதிர்பார்ப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் உள்ளே எதுவுமில்லாத உருண்டையும் வேலை செய்வதாகவே தோன்றும்.

## பிரித்துப் பார்ப்பது எப்படி?

இந்த நான்கையும் தாண்டி உருண்டைக்கு ஏதாவது சக்தி உண்டா என்று அறிய ஒரு வழிதான் உண்டு. நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரிப்பது. ஒரு குழுவுக்கு மருந்து, மற்றதற்கு அச்சு அசலாக அதே மாதிரி மருந்துப்போலி. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இதை 'இரட்டை மறைப்பு ஆய்வு' என்பார்கள். அலை இரு குழுவுக்கும் பொது. பேச்சும் பொது, நம்பிக்கையும் பொது. மிஞ்சும் வித்தியாசம் மருந்தினுடையது.

மனச்சோர்வில் ஹோமியோபதியை இப்படிச் சோதித்த ஆய்வுகள் மிகக் குறைவு. 2011-இல் பிரேசிலில் 91 பேரை வைத்து ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஹோமியோபதியை ஒப்பிட்டார்கள். இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் நிறைய. ஆனால் அதில் மருந்துப்போலிக் குழுவே இல்லை. ஆகவே தேறியது உருண்டையாலா, காலத்தாலா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஜெர்மனியில் 228 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஓர் ஆய்வில் 44 பேர்தான் சேர்ந்தார்கள். 2013-இல் வெளியான அதன் முடிவு எந்தப் பக்கமும் சாயவில்லை. 2015-இல் மெக்சிகோவில் மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள் 133 பேரிடம் 6 வாரம் நடந்த ஆய்வில், மருந்துப்போலியைவிட ஹோமியோபதிக் குழு அதிகம் தேறியது. இது சாதகமான முடிவுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சின்ன, குறுகிய காலத்து ஆய்வு. ஒரு மாங்காய் விழுந்ததை வைத்துத் தோப்பின் மகசூலைச் சொல்ல முடியாது.

அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தொகுப்புகள் முக்கியமாகின்றன. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 176 ஆய்வுகளை, 61 நோய்நிலைகளுக்கு, அலசி 2015-இல் முடிவை வெளியிட்டது: ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை. 2017-இல் இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை, மருத்துவர்கள் இதை எழுதித் தருவதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது. பிரான்ஸ் 2021-இலிருந்து இதற்கான காப்பீட்டுத் தொகையை நிறுத்திக்கொண்டது.

## மனச்சோர்வு மாத்திரைகள் மட்டும் ஒழுங்கா?

நியாயமான கேள்வி. அவற்றுக்கும் அதே அளவுகோல்தான். 2018-இல் 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவலோடு தொகுத்துப் பார்த்தார்கள். சோதித்த 21 மருந்துகளும் மருந்துப்போலியைவிட மேலாகவே இருந்தன. ஆனால் சராசரியாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் பிரம்மாண்டமானதல்ல, மிதமானது. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்கு முதல் மருந்து கேட்காது, மாற்ற வேண்டிவரும். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். குமட்டல், தூக்கக் கோளாறு, பாலுறவில் நாட்டக் குறைவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

அடிமையாவது பற்றி ஒரு வார்த்தை. இந்த மாத்திரைகளுக்காக மனம் ஏங்குவதோ, போதை ஏறுவதோ இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். அதனால் மருத்துவர் சொல்லும் வேகத்தில், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரை மட்டுமே வழி என்பதும் இல்லை. எண்ணங்களையும் அன்றாடப் பழக்கங்களையும் சிறிது சிறிதாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லேசான மனச்சோர்வில் பலருக்கு அதுவே போதும். ஒருவர் உட்கார்ந்து நிதானமாகக் கேட்பது என்ற அந்த நல்ல அம்சம் இங்கேயும் கிடைக்கும்.

## வெறும் சர்க்கரைதானே, அதனால் என்ன கெட்டுவிடும்?

உருண்டை கெடுக்காது; அதை நம்பிக் கழியும் காலம் கெடுக்கும். (12சி-க்குக் கீழே உள்ள குறைந்த வீரியங்களில் பொருள் இருக்கும் என்பதால் உருண்டையே கெடுத்த சம்பவமும் உண்டு. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது தரும் சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் அளவு தாறுமாறாக இருந்ததைக் கண்டது.)

அக்காவின் கதையில் ஐந்தாவது வாரத்தோடு நிறுத்தினால் அது வெற்றிக் கதை. ஒன்பதாவது வாரம் அவள் மறுபடி சரிந்தாள், முன்பைவிட ஆழமாக. மருந்தை மாற்றினார்கள், வீரியத்தைக் கூட்டினார்கள். 'குணமாவதற்கு முன் கொஞ்சம் அதிகமாகும்' என்று சொன்னார்கள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏறினாலும் மருந்தின் வேலை, இறங்கினாலும் மருந்தின் வேலை என்றால் நிறுத்த வேண்டிய நேரம் எப்போது வரும்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்குள் நாலு மாதம் போய்விட்டது. அந்த நாலு மாதத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றும் நாங்கள் தவறவிட்டோம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைபாடு எல்லாமே மனச்சோர்வு போலவே வேஷம் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருதுருவ நோய் என்பதும், அதாவது மனச்சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வருவதும், முதலில் வெறும் சோர்வாகவே தோன்றலாம். அதற்கான சிகிச்சை வேறு. குறிகளை மட்டும் பட்டியலோடு பொருத்தும் முறையில் இவை நழுவிவிடும்.

பிறகு அவள் மனநல மருத்துவரைப் பார்த்தாள். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து நடந்தன. முதல் இரண்டு வாரம் குமட்டலில் படாத பாடு பட்டாள். மூன்றாவது மாதம் துணிக் கூடையை முழுதாக மடித்து வைத்தாள். அதுவும் அலையின் வேலையாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், ஓர் ஆளை மட்டும் வைத்து இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதற்குத்தான் அந்த 522 ஆய்வுகள். அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தை அவள் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறாள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

## இப்போது உருண்டை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு

அதைப் பிடுங்கி எறியச் சொல்லமாட்டேன்; உங்கள் வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களும் பிடுங்காதீர்கள். பிடித்த கொம்பை உருவினால் விழுபவர் இன்னும் வேகமாக விழுவார். அதற்குப் பதிலாக மூன்று காரியங்கள் செய்யலாம். ஏற்கெனவே மருத்துவர் தந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் யார் சொன்னாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். கூடவே ஒரு மருத்துவரையும் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 'இத்தனை வாரத்துக்குள் தேறாவிட்டால் மாற்றுவோம்' என்று ஒரு தேதியை முன்கூட்டியே குறித்துவையுங்கள். நாங்கள் குறிக்காமல் விட்டது அந்தத் தேதியைத்தான்.

தேறியதா இல்லையா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற எளிய வினாத்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 9 கேள்விகள், கடந்த 2 வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். இன்றைய எண்ணைத் தேதியோடு எழுதிவைத்து, 2 வாரம் கழித்து மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

அதில் 9-வது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்று கேட்கும். மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, அந்த ஒரு கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எந்த எண் விழுந்தாலும் 2 வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அந்தத் தாளை நிரப்பியது உங்கள் வீட்டில் இருப்பவர் யாராவது என்றால், அவரைத் தனியாக விடாமல் கூடவே போங்கள்.